நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது?

1825ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி, பென்கூலனிலிருந்து வந்த கப்பலில் மதராஸ் கைதிகள் 80 பேர் சிங்கப்பூரில் கரையிறங்கினார்கள். அடுத்த ஒரு வாரத்தில் வங்காளத்துக் கைதிகள் 122 பேர் வந்து சேர்ந்தார்கள். 1873 வரை இந்தத் தீவின் சாலைகளிலும் பாலங்களிலும் செங்கல் சூளைகளிலும் இந்தியக் கைதிகளின் கைபட்டுக்கொண்டே இருந்தது. புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும், இன்று அதிபரின் அலுவலகமாக இருக்கும் இஸ்தானா மாளிகையையும் எழுப்பியவர்கள் அவர்கள்தாம்.

அந்தக் காலத்தில் ஆயுள் கைதிகள் பலரின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தி நாடு கடத்துவார்கள். 1849இல்தான் அந்த வழக்கம் சட்டப்படி ஒழிந்தது. தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டி அதை மறைத்துக்கொண்டவர்கள் உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ‘தலையெழுத்து’ என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போவது அவர்களுக்குத் தோலிலேயே இருந்தது. எதிரே நிற்கிறவர்கள் எல்லாரும் அதைப் படிக்கலாம். சுமக்கிறவர் மட்டும் படிக்க முடியாது.

இன்று தேக்காவிலோ ராஃபிள்ஸ் பிளேசிலோ வேலை தேடிப் போகிறவரின் நெற்றியில் ஒன்றும் இல்லை. எழுத்து இடம் மாறியிருக்கிறது. பழைய முதலாளியின் மின்னஞ்சலில், நீதிமன்றப் பதிவேட்டில், பல்கலைக்கழகத்தின் சரிபார்ப்புக் கடிதத்தில், ஃபேஸ்புக்கில் எப்போதோ போட்ட படத்தில் என்று அது சிதறிக் கிடக்கிறது. அதைத் திரட்டிக் கொடுப்பதற்கென்றே பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. யார் எதைத் திரட்டலாம், எதைக் கேட்கவே கூடாது, நம்மைப் பற்றி எழுதியதை நாம் பார்க்க முடியுமா? வேலை தேடுகிற பலருக்கு இது தெரியாது. வேலை கொடுக்கிற பலருக்கும் தெரியாது என்பதுதான் இன்னும் சங்கடம்.

சிராங்கூன் சாலையில் பின்னணிச் சரிபார்ப்பு ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும். “உங்க கடையில இருந்த பையன் இங்க வந்து நிக்கிறான், ஆள் எப்படிண்ணே?” என்று ஒரு மளிகைக் கடைக்காரர் இன்னொருவரைக் கேட்பார். “கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்” என்று பதில் வரும். கங்காணி காலத்திலிருந்து நடக்கிற பழக்கம் இது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியும் ஊர், உறவு, யார் மகன் என்று விசாரித்துத்தான் கப்பலேற்றினார். சட்டம் இந்த விசாரிப்பைத் தடுக்கவில்லை. தடுக்கும் என்று நினைக்கிறவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள்.

சிங்கப்பூரின் அரசமைப்புச் சட்டத்தில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. இந்தியாவில் 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்ததுபோல் இங்கே தீர்ப்பு எதுவும் வரவில்லை. இங்கே இருப்பது 2012இல் இயற்றப்பட்டு, 2014 ஜூலை 2 முதல் முழுமையாக நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தனியார் நிறுவனங்களைத்தான் அது கட்டுப்படுத்தும். அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. உங்கள் தரவைத் திரட்ட, பயன்படுத்த, பிறருக்குக் கொடுக்க உங்கள் சம்மதம் வேண்டும் என்பது சட்டத்தின் பொது விதி. ஆனால் வேலை தேடுகிறவர் வந்ததும் அந்த விதி கொஞ்சம் இளகிவிடுகிறது.

முதலாவதாக, நீங்களாகவே விண்ணப்பத்தையும் தன்விவரத்தையும் அனுப்பினால், அந்த வேலைக்காக அவற்றைப் பயன்படுத்தச் சம்மதித்ததாகவே கருதப்படும். அடுத்து, பொதுவெளியில் எவரும் பார்க்கும்படி நீங்கள் போட்டுவைத்ததை எடுத்துப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. மூன்றாவதுதான் பெரியது. ஒருவர் ஒரு வேலைக்குப் பொருத்தமானவரா என்று மதிப்பிடத் தேவையானால், சம்மதம் இல்லாமலேயே தரவைத் திரட்டலாம். பழைய முதலாளி அதைக் கொடுக்கவும் செய்யலாம். மளிகைக் கடைக்காரரின் அழைப்பு இந்த விலக்குக்குள் வந்துவிடுகிறது.

அதே சட்டத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மதிப்பீட்டுக்காக மட்டுமே எழுதிவைத்த கருத்தைக் காட்டவேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. நீங்கள் கொடுத்த முகவரியையும் படிப்பையும் கேட்டு வாங்கலாம். ‘இவர் சரிப்பட்டு வரமாட்டார்’ என்று நேர்காணல் கண்டவர் ஓரத்தில் கிறுக்கியதை வாங்க முடியாது. நெற்றி எழுத்தைச் சுமக்கிறவர் படிக்க முடியாது என்பது இந்த வடிவத்தில் இன்னும் இருக்கிறது.

அப்படியானால் பழைய முதலாளி என்ன வேண்டுமானாலும் எழுதிவிடலாமா? இந்தக் கேள்விக்குச் சிங்கப்பூரின் உச்ச நீதிமன்ற வரலாற்றில் நல்ல பதில் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கியவர் ஒரு காப்புறுதி ஆலோசகர்.

அவர் ஆக்ஸா ஆயுள் காப்புறுதி நிறுவனத்தில் ஆலோசகர் குழு ஒன்றை நடத்தியவர். 2011இல் அங்கிருந்து விலகி புருடென்ஷியல் நிறுவனத்தில் சேரப் போனார். நிதித்துறையில் ஆள் எடுக்கும்போது அவர் நேர்மையானவரா, தகுதியானவரா என்று முன்னாள் நிறுவனத்திடம் விசாரித்தாக வேண்டும். புருடென்ஷியல் விசாரித்தது. ஆக்ஸா பதில் எழுதியது. அவரும் அவருடைய குழுவும் விற்ற பாலிசிகளில் எத்தனை விழுக்காடு தொடர்ந்து கட்டப்பட்டன என்று சில எண்களைக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர்களுக்குச் சரியான ஆலோசனை கிடைத்ததா என்பதில் தங்களுக்கு மிகுந்த கவலை இருக்கிறது என்று முடித்திருந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை.

அவர் வழக்குப் போட்டார். அவதூறு, தீயநோக்குப் பொய், கவனக்குறைவு என்று மூன்று குற்றச்சாட்டுகள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 2016இல் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஊழியரைப் பற்றிக் குறிப்பு எழுதும் நிறுவனம் அந்த ஊழியருக்குக் கவனக் கடமைப்பட்டிருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். சொல்லும் தகவல் உண்மையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், கருத்துக்கு ஆதாரம் இருக்க வேண்டும் என்பதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. ஒவ்வொரு வரியும் தனித்தனியே உண்மையாக இருந்தாலும், கூட்டிப் பார்க்கும்போது தவறான சித்திரம் எழுந்தால் அதுவும் கடமை மீறல்தான் என்றது. அடுத்த ஆண்டு இழப்பீடாக 40 லட்சம் வெள்ளிக்கு மேல் கணக்கிடப்பட்டது. அவர் கேட்ட தொகையோடு பார்த்தால் அது சிறிதுதான். ஆனாலும் ஒரு குறிப்புக் கடிதத்துக்கு இவ்வளவு விலையா என்று மனிதவளத் துறையினர் பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இங்கிலாந்தில் 1994இலேயே பிரபுக்கள் சபை இதே போன்றதொரு வழக்கில் இதே திசையில் தீர்ப்பு வழங்கியிருந்தது. அங்கேயும் காப்புறுதித் துறைதான். அதனால்தானோ என்னவோ, இப்போது பல நிறுவனங்கள் குறிப்பு கேட்டால் ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன பதவியில் பணியாற்றினார்’ என்று ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. வக்கீல்களுக்கு அது பாதுகாப்பு. நல்ல பேர் வாங்கியவருக்குத்தான் நஷ்டம்: அவருக்கும் அதே ஒற்றை வரிதான்.

இனி, கேட்கவே கூடாத கேள்விகள். சிங்கப்பூரில் வேலை விண்ணப்பப் படிவம் என்றால் ஒருகாலத்தில் சாதகக் குறிப்புபோல் இருக்கும். வயது, இனம், சமயம், திருமணம் ஆயிற்றா, பிள்ளைகள் எத்தனை என்று எல்லாம் கேட்பார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத இந்தக் கேள்விகளை எடுத்துவிடுமாறு, அரசாங்கமும் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. மனநலப் பிரச்சினை உண்டா என்று விண்ணப்பதாரரை அறிவிக்கச் சொல்வது பாகுபாடு என்பதை 2020இல் வெளிப்படையாகவே சொன்னார்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் இதற்குப் பல் வைத்திருக்கிறது: வயது, இனம், சமயம், மொழி, பாலினம், கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, உடற்குறை, மனநலம் முதலியவற்றை வைத்து ஒருவரை ஒதுக்கினால், அது நடப்புக்கு வந்ததும் சட்டப்படி தவறு. ஒரே ஒரு குறை. 25 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் விலக்கு. கேம்பல் லேன், பஃபலோ ரோடு, டன்லப் ஸ்திரீட் கடைகளை ஒரு சுற்று சுற்றி வந்தால், அதில் எத்தனை கடை இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். முத்தரப்பு வழிகாட்டிகள் மட்டும் சின்னக் கடைக்கும் பொருந்தும்.

அடையாள அட்டை எண்ணைக் கேட்பதும் ஒருவகையில் வயதைக் கேட்பதுதான். 1968 முதல் பிறந்தவர்களின் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிக உறுதியாக நிலைநாட்ட வேண்டியிருந்தாலோ தவிர, அந்த எண்ணைத் திரட்டவோ அட்டையை நகலெடுக்கவோ நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை. வேலைக்கு எடுத்தபிறகு ஊழியர் பதிவேட்டுக்கு எண் தேவை, அது சட்டம். நேர்காணலுக்கு வந்து போகிறவர்களின் அட்டைகளையெல்லாம் நகலெடுத்துக் கோப்பில் அடுக்குவதற்குப் பொதுவாக நியாயம் சொல்ல முடியாது. ஆனால் அரசாங்கமே இதில் ஒருமுறை சறுக்கியது. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவு ஆணையத்தின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால் முழு அடையாள எண்ணும் தெரிந்தது. சில நாளில் அந்த வசதி முடக்கப்பட்டது; அமைச்சர் ஜோசஃபின் டியோ மன்னிப்புக் கேட்டார்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சரிபார்ப்பு வேறு மாதிரி. 2023 செப்டம்பர் முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிக்கும்போது டிப்ளமோவோ அதற்கு மேற்பட்ட படிப்போ காட்டினால், அது உண்மையானது என்பதற்குச் சரிபார்ப்பு நிறுவனத்தின் சான்றையோ இணையச் சான்றையோ முதலாளி இணைக்க வேண்டும். ‘காம்பஸ்’ எனப்படும் மதிப்பெண் முறையில் தேற 40 வேண்டும். நல்ல பல்கலைக்கழகப் பட்டத்துக்கே 20 கிடைக்கும் என்பதால் பட்டத்தை விட்டுவிடவும் மனம் வராது. பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இமாசலப் பிரதேசத்து சோலனில் உள்ள மானவ் பாரதி பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கில் போலிப் பட்டங்களை விற்றதாக இந்தியாவில் விசாரணை கிளம்பியது. அங்கே வாங்கிய போலிச் சான்றிதழைக் காட்டி வேலை அனுமதி பெற்றதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களை 2021இல் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு விசாரித்தது. சில மோசடிக்காரர்களால் ஒழுங்காகப் படித்து வந்த பிள்ளைகளும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

அந்த வரிசையில் தமிழருக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: இனிஷியல். பட்டச் சான்றிதழில் ‘செ. முருகன்’, கடவுச்சீட்டில் அப்பா பெயர் விரிந்து ‘முருகன் செல்வம்’, பழைய கம்பெனிக் கடிதத்தில் ‘செல்வம் முருகன்’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினியில் சரிபார்க்கிறவருக்கு மூன்று ஆட்கள். புறப்படுவதற்கு முன்பே பெயர் ஒன்றுதான் என்பதற்குப் பல்கலைக்கழகத்திலோ நோட்டரியிடமோ ஒரு தாள் வாங்கி வைத்துக்கொண்டால் பல வாரங்கள் மிச்சம்.

குற்றப்பதிவுக்கு வருவோம். அதிகம் பேர் தூக்கம் கெடுவது இதில்தான். சாதாரணத் தனியார் முதலாளி ஒருவர் காவல்துறைக்குப் போய் ‘இவருக்குக் குற்றப்பதிவு உண்டா’ என்று கேட்டு வாங்கிவிட முடியாது. காவல்துறை தரும் நன்னடத்தைச் சான்றிதழ், வெளிநாட்டில் குடியேற, படிக்க, வேலை பார்க்கப் போகிறவர்களுக்கானது. பாதுகாவலர் போன்ற வேலைகளுக்கு உரிமம் கொடுக்கும்போது அதிகாரிகளே சோதிப்பார்கள். மற்றவர்கள் நீதிமன்ற வழக்குப் பதிவுகளையும் திவால் பதிவுகளையும் கட்டணம் கட்டித் தேடுவார்கள். இல்லையென்றால் விண்ணப்பப் படிவத்திலேயே கேட்பார்கள். பேருந்து நிறுத்தத்தில் சிகரெட் பிடித்துத் தண்டத்தொகை கட்டி முடித்துக்கொண்டவர், ‘எனக்குக் குற்றப்பதிவு இருக்கிறது’ என்று பயந்து சாக வேண்டியதில்லை. குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றங்கள் மட்டுமே பதிவாகும்.

பதிவானாலும் அது என்றென்றைக்கும் நிற்க வேண்டும் என்றில்லை. அந்தச் சட்டம் 2005இல் திருத்தப்பட்டது. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்ற ஒருவர், வெளியே வந்து தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் எந்தக் குற்றமும் செய்யாமல் இருந்தால் அவருடைய பதிவு காலாவதியாகிவிடும். கடுமையான குற்றங்களுக்கு இது கிடையாது. வேறு குற்றப்பதிவு இருக்கக் கூடாது. இந்தச் சலுகை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். காலாவதியானபின் ‘உங்களுக்குக் குற்றப்பதிவு உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதலாம். அது பொய்யில்லை, சட்டமே கொடுத்த பதில். காவல்துறை ஏட்டிலிருந்து எழுத்து அழியாது, ஆனால் படிவத்தில் வர வேண்டியதில்லை. காலாவதியாகாத பதிவை மறைத்து எழுதினால் அது வேறு கதை. பின்னால் தெரிந்தால் வேலை போகும்.

முன்னாள் கைதிகளுக்கு வேலை கொடுங்கள் என்று ஊரைக் கேட்கும் மஞ்சள் நாடா திட்டத்தை 2004இல் தொடங்கிவைத்தவர் அன்றைய அதிபர் எஸ் ஆர் நாதன். நெற்றியில் பச்சை குத்தப்பட்டவர்களின் வழிவந்த கைகள் கட்டிய மாளிகைதான் அவருடைய அலுவலகம். அவர் இதை நினைத்தாரோ தெரியாது. நாம் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வேலைக்கு எடுக்க விசாரிப்பது ஒன்று. விசாரித்ததை ஊருக்குப் பரப்புவது இன்னொன்று. ‘இவனை யாரும் வேலைக்கு வைக்காதீர்கள்’ என்று படத்தோடு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருவரின் பழைய போதைப்பொருள் பிரச்சினை உள்ளிட்ட சொந்த வாழ்க்கை விவரங்களை வாட்ஸ்அப் குழுவில் வெளியிட்ட ஒரு நிறுவனம் சட்டத்தை மீறியது என்று தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் முடிவுசெய்து எச்சரித்தது. திரட்டிய தரவைப் பூட்டிவைக்காமல் விடுவதும் தவறுதான். 2021இல், தொழிற்சங்கக் கூட்டமைப்பான என்டியுசியின் ‘இ2ஐ’ வேலைவாய்ப்புக் கழகத்துக்குச் சேவை வழங்கிய வெளி நிறுவனத்தின் மின்னஞ்சல் பெட்டிக்குள் தீநிரல் புகுந்து, வேலை தேடி வந்த சுமார் 30,000 பேரின் தரவு ஆபத்துக்குள்ளானது. அடையாள எண், படிப்பு, வேலை விவரம் எல்லாம் அதில் உண்டு. இன்றைக்கு இத்தகைய கசிவு 500 பேரை எட்டினாலே மூன்று நாளுக்குள் ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும்; தண்டம் பத்து லட்சம் வெள்ளி வரை, பெரிய நிறுவனமானால் சிங்கப்பூர் விற்றுமுதலில் பத்து விழுக்காடு வரை போகலாம்.

இத்தனை பாதுகாப்பும் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கிறதா என்றால், இல்லை. அலுவலக வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் சமயத்தைக் கேட்கக் கூடாது என்கிற அதே ஊரில், வீட்டுப் பணிப்பெண்களின் விவரத்தாளில் சமயம், உயரம், எடை, உடன்பிறந்தவர் எண்ணிக்கை எல்லாம் படத்தோடு இருக்கும். முகவர் இணையத்தளத்தில் யாரும் புரட்டலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு நடக்கும் கட்டாய மருத்துவச் சோதனையில் கர்ப்பச் சோதனையும் சேர்த்தி. வேலை கொடுக்கிறவர் தெரிந்துகொள்ள நினைப்பதற்கும் தெரிந்துகொள்ள வேண்டியதற்கும் நடுவே கோடு போடுவதில் இந்த நகரம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. அந்தக் கோடு சமையலறை வாசலில் வந்து மங்கிப்போகிறது. கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது குற்றம் என்பதையாவது ஒவ்வொரு வெளிநாட்டு ஊழியரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒரு வேலை கிடைக்காமல் போனால், உங்கள் விவரங்களை அந்த நிறுவனம் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. என்ன வைத்திருக்கிறார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். இனி பயன்படுத்த வேண்டாம் என்றால் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதுங்கள். சிறிய கம்பெனியானாலும் தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை நியமித்திருக்க வேண்டும். கடிதத்தை அவர் பெயருக்கு அனுப்புங்கள். தரவைக் காட்டச் சொன்ன கடிதத்துக்கு 30 நாளுக்குள் தரவையோ, எப்போது தருவோம் என்ற பதிலையோ கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால், அடுத்த கடிதம் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு.